காஜா மட்டும்தான் பாக்கி

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். அவர் கடைப் பலகையில் "கோட்டு, சட்டை, பேன்ட் குறித்த நேரத்தில் தைத்துத் தரப்படும்" என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். பலகையில் இருப்பதில் அந்த நம்பர் ஒன்றுதான் உண்மை, அதுவும் என்னுடையது. பெயின்டர் கேட்டபோது தன் நம்பர் ஞாபகத்துக்கு வரவில்லை, உன்னுடையதுதான் வந்தது மாப்ள என்று அத்தான் அப்போது சொன்னார். அவர் போனை அணைத்து வைத்துவிட்டு வேலை செய்கிறவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினொரு வருடமாக, அந்தக் கடையில் துணி கொடுத்தவர்களின் வசவை எல்லாம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவது என் வேலை. மூன்று நிமிடம் தாமதமாக வரும் டிரைவரைக்கூட ஏன் என்று கேட்காமல் விடமாட்டேன். என் தலையெழுத்து, எனக்கு இப்படி ஓர் அத்தான்.

அவர் வேலை அவ்வளவு மெதுவாக நடக்கும். எப்போது போய்க் கேட்டாலும் "காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நெருக்கமாக நூல் கட்டுகிறார்களே, அதுதான் காஜா. ஒரு துணியில் கடைசியாகச் செய்கிற வேலை. நம்மவரோ வெட்டாத துணியை வைத்துக்கொண்டே காஜா மட்டும்தான் பாக்கி என்று கூசாமல் சொல்வார். இன்னும் துருவிக் கேட்டால் அவரிடம் வேறொரு வித்தை உண்டு. இரண்டு குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, வாயைக் காட்டி, பேச முடியாது என்று கையை விரிப்பார். வந்தவர் எவ்வளவு நேரம்தான் தனியாகக் கத்துவார்? தொண்டை வற்றிப் போய்விடுவார்.

ஆனாலும் யாரும் கடையை மாற்றவில்லை. அவர் தைத்ததைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு கடைச் சட்டை பிடிக்காது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் என் இடது தோள் சற்று இறங்கியிருக்கும். இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அவர் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது இரண்டு தோளும் சமமாக இருந்தன. எப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஒரு சட்டையை மட்டும் சொன்ன நாளுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டார். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டுவேனே தவிர, அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருபத்து நாலுக்குப் போன் அடித்தது. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். அவருடைய கோட்டு நான்கு மாதமாக அத்தானிடம் கிடந்தது. மறுநாள் பள்ளி ஆண்டு விழா. கோட்டு பத்து மணிக்குத் தயாராக இருக்கும் என்று அத்தான் முந்தின நாள் சொல்லியிருந்தார்.

போனை எடுத்ததும் எனக்கு மனப்பாடமான பாட்டை ஆரம்பித்தேன். "வணக்கம் சார். அத்தான் அவசரமா வெளியூர் போயிருக்காரு..."

"வெளியூர்லாம் போகல தம்பி. என் முன்னாலதான் உக்காந்திருக்காரு. வாய் ஒரு பக்கமா கோணியிருக்கு. கூப்பிட்டா பாக்குறாரு, பேச மாட்டேங்கிறாரு." ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஊசிய வாயில வெச்சுக்கிட்டு நடிக்கிறாருன்னு நெனச்சுக் கண்டபடி திட்டிட்டேன் தம்பி. அப்புறம்தான் பாத்தேன், வாயில ஊசியே இல்ல."

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். டிப்போவில் யாரிடமும் சொல்லாமல் என் பைக்கை எடுத்தேன். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவள் ஈரக் கையோடு வந்து ஏறிக்கொண்டாள். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மூச்சு இருக்கா?" இருக்கிறது என்றேன். பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை என் தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் திரைத்துணி போட்டுத் தடுத்த இடத்தில் அத்தான் படுத்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை அவருடையதே இல்லை என்பதுபோலக் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஒரு நர்ஸ் அதை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தாள், அது மறுபடி சரிந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கண் அக்காவின் மேல் போய் நின்றது. ஏதோ சொல்லப் பார்த்தார். காற்று மட்டும் வந்தது.

நெஞ்சில் ஒயர்களை ஒட்ட வேண்டும், தலைவழியாகப் போட்ட சட்டையை அவரை நிமிர்த்திக் கழற்ற நேரமில்லை. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து நடு மார்புக்குக் கொண்டுபோனாள். அத்தான் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, விடுங்க. நேரம் ஆகுது. வேற சட்டை வாங்கிக்கலாம்."

அவர் விடவில்லை. அவள் கையை மெல்ல நகர்த்தி, சட்டையின் பக்கவாட்டுத் தையல் மேல் கொண்டுபோய் வைத்தார். அக்குளிலிருந்து இடுப்புவரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"தையலோட வெட்டச் சொல்றாரும்மா," என்றாள் அக்கா. "அப்பதான் திரும்பச் சேத்துத் தைக்கலாம்."

நர்ஸ் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு தையலோடு வெட்டினாள். இந்த மனுஷர் உள்ளே முழுசாக இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்து வந்ததும் டாக்டர் எங்களைக் கட்டில் பக்கம் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண், பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஓர் அடைப்பு. ரத்தக்கசிவு இல்லை. அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. போட்டால் கையும் பேச்சும் திரும்ப வாய்ப்பு உண்டு, போடாவிட்டால் இப்படியே நின்றுவிடக்கூடும்.

"போடுங்க டாக்டர்," என்றேன்.

"ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போடலாம். அதைத் தாண்டினா அந்த ஊசியே ஆபத்து. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். இவரு நல்லா இருந்ததைக் கடைசியா யாரு பாத்தீங்க, எத்தனை மணிக்கு?"

"நான்தான்," என்றாள் அக்கா. "காலைல ஏழு மணிக்குக் கெளம்பினாரு. குடை எடுத்துக்கோங்கன்னேன். வேணாம்னாரு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. ஏழிலிருந்து ஐந்து மணி இருபது நிமிடம்.

"அதுக்கப்புறம் யாராவது? பக்கத்துக் கடைக்காரங்க? போன்ல பேசினவங்க?"

போன் எப்போதும்போல அணைந்திருந்தது. வேலை தேங்கினால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து தைப்பது அவர் வழக்கம், ஆள் இல்லை என்று வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். அன்றும் அப்படித்தான். ஹெட்மாஸ்டர் மட்டும்தான் குனிந்து உள்ளே போயிருக்கிறார். ஊரையே ஏமாற்ற இவர் செய்த ஏற்பாடு அன்றைக்கு இவர் மேலேயே வந்து விழுந்தது. உட்கார்ந்தது எப்போது, கை விழுந்தது எப்போது, சொல்ல ஒரு ஆள் இல்லை. வண்டிக்கு வண்டி நேரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் வீட்டு மனுஷருக்கு ஒரு நேரம் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

"சாரி," என்றார் டாக்டர். "தெரியலன்னா, ஏழு மணின்னுதான் நாங்க எடுத்துக்கணும்."

அப்போது திரைக்கு வெளியே ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஆம்புலன்ஸில் கூடவே வந்திருந்தார். அவர் கையில் கோட்டு. நான்கு மாதம் கழித்துக் கண்ணில் பட்டதை அங்கே விட்டுவிட்டு வர மனமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தாள். விறுவிறு என்று போய் அவர் கையிலிருந்து வாங்கினாள். கை ஓரத்தைப் புரட்டினாள், முன்பக்கத்தைப் புரட்டினாள், விரலை வைத்து எண்ணினாள்.

"ஒம்போது காஜா முடிச்சிருக்காரு. பத்தாவதுல நூல் தடம் மாறிப் போயிருக்கு. இத பாருங்க டாக்டர்." கோட்டை டாக்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒன்பதும் ஒரே அச்சாக இருந்தன. பத்தாவதில் பாதிவரை சரியாக வந்த நூல், திடீரென்று அகன்று, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, துணிக்கு வெளியே போயிருந்தது. ஊசி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு காஜாவுக்கு அவருக்குப் பன்னண்டு நிமிஷம் ஆகும். பதினெட்டு வருஷமா மத்தியானத்துல கடைக்குப் போயி அவரு பக்கத்துல உக்காந்து கைத்தையல் போடுறவ நான். எனக்குத் தெரியும்."

நான் கணக்குப் போட்டுவிட்டேன். அது என் தொழில். "வீட்டுல இருந்து கடை இருபது நிமிஷம். ஏழு இருபதுக்கு உக்காந்தாக்கூட, ஒம்போது காஜா நூத்தியெட்டு நிமிஷம். ஒம்போது எட்டு வரைக்கும் கை நல்லா இருந்திருக்கு டாக்டர். ஒண்ணு முப்பத்தெட்டு வரைக்கும் நேரம் இருக்கு."

டாக்டர் கோட்டை வாங்கிப் பார்த்தார். "இதெல்லாம் இன்னிக்குக் காலைல போட்டதுதான்னு எப்படிச் சொல்றீங்க? நேத்தே பாதி முடிச்சிருந்தா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் கோட்டு எந்த நிலையில் இருந்தது என்று அத்தான் ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னதை நாங்கள் எந்த முகத்தோடு சாட்சிக்குக் கொண்டுவருவது? வெட்டாத துணிக்கே காஜா மட்டும்தான் பாக்கி என்கிறவர்.

"நான் சொல்றேன் டாக்டர்," என்றார் ஹெட்மாஸ்டர். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "நேத்து ராத்திரி கடைக்குப் போனேன். காஜா மட்டும்தான் பாக்கின்னாரு. அவரு அப்படிச் சொன்னா யாரு நம்புவா? கோட்ட எடுத்துக் காட்டுங்கன்னேன். காட்டினாரு. வீட்டுல எங்க அம்மா, கோட்டுன்னு ஒண்ணே இல்லடா, உன்ன ஏமாத்துறான்னு சொல்லிட்டே இருந்தாங்க. அவங்ககிட்டக் காட்டலாம்னு போட்டோ எடுத்தேன்."

போட்டோவில் கோட்டு மேஜை மேல் கைகளை விரித்துக் கிடந்தது. ஒரு காஜாகூட இல்லை. காஜா வர வேண்டிய இடங்களில் சாக்குக்கட்டியால் போட்ட கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. முந்தின நாள் இரவு எட்டு ஐந்து என்று போனே நேரத்தைக் காட்டியது.

"எடுத்து முடிச்சதும் அவரே விளக்கை அணைச்சிட்டு, என்னோடதான் கடையச் சாத்திட்டுக் கெளம்பினாரு," என்றார் ஹெட்மாஸ்டர்.

"வீட்டுக்குக் கோட்டு வரல," என்றாள் அக்கா. "வெறுங்கையோட வந்தாரு, சாப்பிட்டாரு, படுத்தாரு."

டாக்டர் கேட்டார். "இவரு பன்னண்டு நிமிஷத்தை விட வேகமாப் போட்டிருக்க மாட்டாரா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். "நாலு மாசம் அலைஞ்சிருக்கேன் டாக்டர்," என்றார் ஹெட்மாஸ்டர். "இவருக்கு வேகம் கெடையாதுங்கிறதுக்கு நான் எங்க வேணா வந்து சாட்சி சொல்வேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. வெளியே போய்ப் பெரிய டாக்டரிடம் போனில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஸ்கேன், மறு கையில் கோட்டு. திரும்பி வந்து, ஸ்கேனும் ரொம்ப நேரம் ஆனதாகக் காட்டவில்லை, போடலாம் என்றார். ஆபத்து இருக்கிறது, கையெழுத்து வேண்டும் என்றார். அக்கா கையெழுத்துப் போட்டாள். எழுத்து ஆடவில்லை. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு ஊசி ஏறியது.

அதன் பிறகு ஒவ்வொரு கால் மணி நேரமும் நர்ஸ் வந்து கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், பேரைச் சொல்லச் சொன்னாள். முதல் மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லை. நான் வெளியே போய் நின்று, பார்க்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கட்டிலின் மேல் கிடந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. பிறகு சேர்ந்தன. ஊசி பிடிக்கிற பிடி.

கை வந்தது. பேச்சு வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் "ம்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் வந்து சாவிப் படத்தைக் காட்டினார், கோப்பைப் படத்தைக் காட்டினார். அத்தான் படத்தைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், மூடுவார், கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். கத்தரிக்கோல் படத்துக்கும் அப்படித்தான். அதைப் பார்த்த அன்று அக்கா முதல் தடவையாகப் பயந்தாள். "பொய்யாவது பேசட்டும்டா," என்றாள் என்னிடம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வந்தார். ஆண்டு விழாவை வெறும் சட்டையோடு முடித்துவிட்டு வந்திருந்தார். கோட்டைத் தோளில் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தை ஒரு குரலில் நடுங்க வைக்கிற மனுஷருக்கு நோயாளியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கட்டிலின் கால்பக்கம் நின்று தயங்கினார். கடைசியில், நான்கு மாதமாகப் பழகிப்போனதையே கேட்டார்.

"என்ன டெய்லர், என் கோட்டு என்னாச்சு?"

அத்தான் அவரைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"கா... காஜா," என்றார். மூச்சு வாங்கினார். "காஜா மட்டும்தான் பாக்கி."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த மூன்று நாளில் அவள் அழுதது அப்போதுதான். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். பழகிப்போன வார்த்தைகள்தான் முதலில் வரும், அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். சொல்லட்டும். எனக்கு அன்று அது போதும். ஆறு பத்து என்று என் சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவருடைய துணிகளைப் போலவே, தாமதமாகத்தான். இரண்டு மாதம் போனபின் ஒருநாள் வீட்டில் அவரே அந்த வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னார். இடையிடையே நின்று, தேடி, கிடைத்ததும் பேசினார்.

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள. சார் திட்டினது கேட்டுச்சு. வாயில ஊசி இல்ல சார்னு சொல்லணும். வரல. ஊசி கையில இருக்கறது தெரியுது. கை எங்க இருக்குன்னு தெரியல." வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பயந்துட்டேன். உங்க அக்கா வந்து நின்னா பாரு, அப்ப பயம் போச்சு. ஆனா ஒண்ணு மட்டும் பொறுக்கல."

"என்ன அத்தான்?"

"பன்னண்டு நிமிஷம்னாளே அவ. டாக்டர்கிட்ட. எழுந்து உக்காந்து சொல்லணும்போல இருந்துச்சு. எனக்குப் பத்து நிமிஷம்தான்."

பத்தாகவே இருந்தாலும் எட்டு ஐம்பது வரும், ஊசிக்கு நேரம் இருந்திருக்கும். அதை நான் ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஆனால் அவர் கேட்டது கணக்கு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்மாஸ்டரைக் கோட்டோடு வரச் சொல்லிவிட்டார். தையலோடு வெட்டிய சட்டையை அக்கா மறுபடி சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்தக் கோணலான பத்தாவது காஜாவைப் பிரித்து எடுத்தார்.

"வாட்ச்ச எடு மாப்ள," என்றார்.

எடுத்தேன். ஊசியில் நூல் கோக்கவே பதினான்கு நிமிடம் ஆனது. அக்கா எழுந்து வந்தாள், நான் கண்ணைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தையல் போடுவார், கை ஓய்ந்துபோகும், மடியில் வைத்துக்கொண்டு விரலை நீவிவிடுவார், மறுபடி எடுப்பார். இரண்டு தடவை ஊசி கீழே விழுந்தது. ஹெட்மாஸ்டர் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். வெயில் ஜன்னலிலிருந்து அவர் காலுக்கு வந்து, காலிலிருந்து சுவருக்குப் போனது. முடிச்சைப் போட்டு நூலை அறுத்ததும் கோட்டைத் தூக்கி மற்ற ஒன்பதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அச்சு அசல் அதேபோல இல்லை. ஆனால் அது காஜா. பொத்தான் நுழையும்.

"எவ்வளவு ஆச்சு?"

வாட்சைப் பார்த்தேன். ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம். இருபத்தாறு வருடப் பணியில் ஒரு வண்டிக்கும் நான் நேரத்தை மாற்றி எழுதியதில்லை.

"பத்து நிமிஷம் அத்தான்," என்றேன்.

அவர் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். பிள்ளைகள் ஒரு சின்னப் பொய் சொன்னாலும் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற அந்த மனுஷர் தன் கைக்கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தார்.

"என் வாட்ச்சுலயும் அதான் காட்டுது," என்றார்.

அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேஜை மேலிருந்து இரண்டு குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, பேச முடியாது என்று கையை விரித்தார்.